அடுத்த வீட்டாரின் வாக்கு

2020 ஜூன் 28, நகரசபைத் தேர்தலின் இரண்டாம் சுற்று. கொரோனாவைச் சாட்டி நான் வாக்களிக்கப் போகவில்லை. நாடு முழுவதும் பத்து வாக்காளரில் கிட்டத்தட்ட ஆறுபேர் போகவில்லை என்பதால் பெரிதாய் உறுத்தவுமில்லை. அன்றிரவு எங்கள் சென் டெனியில், உலகப்போர் முடிந்த காலந்தொட்டு நகரசபையை வைத்திருந்த கம்யூனிஸ்டுகள் சோசலிஸ்டான மத்தியூ அனொத்தானிடம் அதை இழந்தார்கள்.

அடுத்த நாள் லாச்சப்பலில், மரக்கறிக் கடை வாசலில், எங்கள் மாடியில் குடியிருக்கும் அண்ணையைக் கண்டேன்.

"தம்பி ஆருக்குப் போட்டனீங்கள்?"

போகவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் வந்து முப்பது வருடம். பத்து வருடக் காட். பிரஜாவுரிமை இல்லை, வாக்கும் இல்லை. எதிர்வீட்டுப் போர்த்துக்கேயப் பெண்ணுக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தவர் 2001இலிருந்து இங்கே நகரசபைக்கு வாக்களிக்கிறார்கள். மற்ற வெளிநாட்டவருக்கும் தருவதாக 1981இல் மித்தரோன் சொன்னார், 2012இல் ஒல்லாந்த் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அண்ணையின் மகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் சாப்பாட்டின் விலையைத் தீர்மானிப்பது அந்த நகரசபைதான்.

வாக்கு என் உரிமை. பெல்ஜியத்தைப்போல இங்கே கட்டாயமில்லை. சரி. ஆனால் நான் போடாமல் விட்டதன் விளைவு என்மேல் மட்டும் விழவில்லையே?

1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையும், அடுத்த வருடம் வாக்கும் பறிபோனதைப் பிள்ளைகளுக்கு அநீதி என்று சொல்லிக்கொடுக்கிறோம். வாக்கு வைத்திருந்த வடக்குத் தமிழர் என்ன செய்தார்கள் என்ற இடத்தை மட்டும் விரைவாகத் தாண்டிவிடுவோம். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகத்தை 1952 தேர்தலில் காங்கேசன்துறை தோற்கடித்தது.

அதற்காக, அண்ணைக்காக நான் வாக்களிப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. வீடு வாங்கியவன் நான். எனக்கு வீட்டுவரி குறையவேண்டும். அவருக்குச் சாப்பாட்டுக் காசு குறையவேண்டும். வேட்பாளர் பட்டியலில் 'எங்கட ஆள்' ஒருவர் இருந்தால் இருவருக்கும் சந்தோசம்தான், ஆனால் அந்த ஆள் எங்களில் எவருடைய ஆள்? பதிலாள் வாக்குக்கூட அவர் எனக்குத் தரமுடியாது. அதைத் தருவதற்கும் வாக்காளராய் இருக்கவேண்டும்.

கேட்கலாம். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. 2026 மார்ச் தேர்தலுக்கு முதற்கிழமை அவருடைய கதவைத் தட்டினேன்.

"மகள் வளர்ந்திட்டாள், இனிச் சாப்பாட்டுக் காசு பிரச்சினையில்லை," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இப்ப முழங்கால்தான். பஸ் தரிப்பிடத்தில இருக்க ஒரு வாங்கு போட்டால் நல்லம்."

அன்றிரவு தபாலில் வந்த துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் மேசையில் விரித்து அந்த வாங்கைத் தேடினேன்.