கண்டிக்க இடம் கொடுக்கும் வழிகாட்டி

ரவி சகரியாஸ் 2020 மே மாதம் மறைந்தபோது, அவரை ஆவிக்குரிய வழிகாட்டியாக ஏற்றிருந்தவர்கள் பல நாடுகளில் கண்ணீர் விட்டார்கள். சென்னையில் பிறந்து, கனடாவுக்குக் குடிபெயர்ந்து, பல்கலைக்கழக மேடைகளில் விசுவாசத்துக்காக வாதாடியவர் அவர். ஒன்பது மாதம் நிறைவதற்குள், அவர் தொடங்கிய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. மசாஜ் சிகிச்சை அளித்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று அது முடிவுகட்டியது. அவருடைய கைபேசிகளில் 200க்கும் மேற்பட்ட மசாஜ் சிகிச்சையாளர்களின் எண்கள் இருந்தன.

2017இலேயே கனடாவில் ஒரு பெண் புகார் சொல்லியிருந்தார். மனைவியும் மகள்களும் தவிர வேறு பெண்ணோடு தனியே இருப்பதில்லை என்பது தன் நெடுநாள் வழக்கம் என்று அப்போது சகரியாஸ் அறிக்கை விட்டார். அமைப்பின் இயக்குநர் குழு அவரை நம்பியது. அந்தப் பெண்ணை நம்பவில்லை. அது தங்கள் தவறு என்று அந்தக் குழுவே பிறகு வருந்தியது. இங்கே ஒரே முடிவுக்குத்தான் வர முடிகிறது. கண்டிக்க இடம் கொடுக்காத எவரையும் கிறிஸ்தவர் வழிகாட்டியாக ஏற்கக் கூடாது. வரம், வேத அறிவு, கூடுகிற கூட்டம் எல்லாம் இதற்குப் பின்புதான்.

தாவீதின் வீட்டைப் பாருங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்த அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். ஏழை ஒருவன் பிள்ளைபோல வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கி விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். அரசன் கொதித்துத் தீர்ப்புச் சொன்னதும், அந்த மனிதன் நீர்தான் என்கிறார். தாவீது அவரைச் சிறையில் போடவில்லை. பாவம் செய்தேன் என்றார். சாலொமோனை அரசனாக்கும் நாள்வரை நாத்தான் அந்த அரண்மனையில் இருந்தார். அடுத்த அதிகாரத்தில், அதே வீட்டில் இன்னொரு தோழன். தாவீதின் மகன் அம்னோனுக்கு யோனதாப் என்றொரு நண்பன்; உறவுக்காரன், மகா புத்திசாலி. தன் சகோதரி தாமாரின்மேல் இச்சைகொண்ட அம்னோனிடம் அவன் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. நோயாளிபோல் படுத்துக்கொள்ள வழி சொல்லிக்கொடுத்தான். ஒரு பெண்ணின் வாழ்வு பாழானது. இரண்டு வருடம் கழித்து அம்னோனும் கொல்லப்பட்டான். அந்தச் செய்தி வந்தபோது, இறந்தது அம்னோன் ஒருவன்தான் என்று அரசனுக்கு ஆறுதல் சொல்ல நின்றவன் யார்? அதே யோனதாப். அவன்மேல் ஒரு கீறலும் இல்லை. நம் குற்றத்துக்குத் துணைபோகிறவர்கள் அதன் விலையை நம்மோடு பங்கிட்டுக்கொள்வதில்லை.

முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, கூட வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்ட சாலொமோனின் மகன் ரெகொபெயாம் பத்துக் கோத்திரங்களை இழந்தான். நண்பன் உண்டாக்கும் காயத்தை நம்பலாம் என்கிறது நீதிமொழிகள். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். பேதுருவின் இரண்டாம் நிருபமோ பவுலைப் பிரியமான சகோதரன் என்கிறது. பேரிக்காய் திருடிய இளமைக் குற்றத்தைத் தனியாக இருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்று அகுஸ்தீன் எழுதினார். பெரியாரைத் துணைக்கோடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், கண்டிக்க ஆளில்லாத அரசனுக்கு வெளியே பகைவன் தேவையில்லை என்கிறார். இத்தனை சாட்சிகளுக்குப் பிறகும் சபைகள் மேடைப் பேச்சைக் கேட்டு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது வேதனை.

தவறான வழிகாட்டியை விடாதவருக்கு என்ன நேர்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பிரான்ஸில் 1964இல், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து வாழும் ‘லார்ஷ்’ இல்லங்களைத் தொடங்கிய ழான் வனியே, இளமையில் தோமா பிலிப் என்ற டொமினிக்கன் துறவியைக் குருவாக ஏற்றார். ஞானத்தின் பெயரால் பெண்களிடம் தவறாக நடந்த அந்தத் துறவியை 1956இல் திருச்சபை தண்டித்தது. வனியே குருவை விடவில்லை. வனியே இறந்தது 2019இல். அவரும் குருவின் அதே விளக்கங்களைச் சொல்லிக் குறைந்தது 25 பெண்களை அப்படி நடத்தியதை 2023இல் லார்ஷ் நியமித்த ஆய்வுக் குழு வெளிப்படுத்தியது.

பிறரை நியாயந்தீர்க்கலாமா, அபிஷேகம் பெற்றவர்களைத் தொடலாமா என்று கேட்பார்கள். வதந்தியை நம்பி ஊழியரின் பெயரைக் கெடுப்பது பாவம்தான். மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலும் சொல்கிறார். அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும்: பாவம் செய்தவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறார். தாவீதும் அபிஷேகம் பெற்றவரே.

அந்த நிருபத்தைப் பெற்ற தீமோத்தேயு பவுலோடு ஊர் ஊராக நடந்தவர். தன் உபதேசம், நடத்தை, பொறுமை, பட்ட பாடுகள் அனைத்தையும் அவர் அறிவார் என்று இரண்டாம் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். இன்று இளைஞர்கள் யூடியூபில் பார்த்த ஒருவரை ஆவிக்குரிய தகப்பன் என்கிறார்கள். அவர் வீட்டாரிடம் எப்படிப் பேசுகிறார், காணிக்கைக் கணக்கை யாருக்குக் காட்டுகிறார், கூட இருந்த ஊழியர் ஏன் விலகினார் என்பதெல்லாம் திரையில் தெரியாது. சொந்தச் சபையிலேயே, ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டு, தவறினால் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கும் ஓர் அக்காவோ ஐயாவோ இருப்பார். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.