யோகமா, ஏற்பாடா?

"எனக்கு யோகம் அடித்தது!" என்று குதிக்கிறான் ஒருவன். "எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று பெருமூச்செறிகிறான் மற்றொருவன். இருவரும் படித்தவர்கள். சோதிடம் கேட்போரைக் கண்டால் நகைப்பவர்கள். இராகு காலம் பாராமலே மணவினை முடிக்கும் துணிவினர். எனினும், ஓர் இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு வாங்கப் புகுந்ததும், வாயில் வழியே விரட்டிய விதியைப் பலகணி வழியே வரவேற்று அமர்த்திக்கொள்கிறார்கள்!

2024 செப்டம்பர் 22, பகல் 12 மணி. நவி மும்பையில் 2025 சனவரியில் நடைபெறவிருந்த கோல்ட்பிளே குழுவின் நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்பனை தொடங்கிய நேரம். இணையதளம் திணறிற்று. தமக்கு முன்னே இலட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்பதைப் பலருக்கும் கைப்பேசித் திரை காட்டிற்று. முயன்றோர் ஒரு கோடிக்கும் மேல். அரங்கமோ சுமார் ஐம்பதாயிரம் பேருக்கானது. நிகழ்ச்சி மூன்றே நாள். நூற்றுக்கு ஒருவர் இருவர்க்கே இடம் என்பதறியக் கணக்காசிரியர் தேவையில்லை. விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. ஆனால், விற்றுத் தீர்ந்த சீட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் உடனே தலைகாட்டின, விலையோ இலட்சங்களில்!

இங்கேதான் கேட்கிறேன், தோழர்களே! சீட்டுக் கிடைக்காத இரசிகனுக்கு யோகமில்லை, சரி. கள்ளச்சந்தைக்காரனுக்கு மட்டும் தவறாமல் யோகம் அடிப்பது எங்ஙனம்? விதி என்ன, அவனிடம் மாதச் சம்பளமா வாங்குகிறது?

அமெரிக்காவிலே, 2022 நவம்பரில், டெய்லர் சுவிஃப்ட்டின் சுற்றுப்பயணத்துக்கு முன்பதிவு செய்த இரசிகர்கள் 35 இலட்சம். விற்பனை நாளில் அத்தளத்தைத் தாக்கிய கோரிக்கைகள் 350 கோடி. கோரியவை யாவும் மனிதக் கைகளா? மனிதன் ஒருமுறை தட்டுவதற்குள் ஆயிரமுறை தட்டும் கணினி நிரல்கள் அவற்றில் கலந்திருந்தன. இத்தகைய இயந்திரக் கொள்ளையைத் தடுக்க 2016லேயே சட்டம் இயற்றிய நாடு அது! பொது விற்பனையே கைவிடப்பட்டது.

ஆக, யோகம் என்று நாம் பெயரிட்டது யாது? விரைந்தோடும் இணைய இணைப்பு. வீட்டில் நான்கு கருவிகள். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொட அனுமதிக்கும் முதலாளி. சில நிகழ்ச்சிகளில், குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டை வைத்திருப்போருக்கு ஒருநாள் முன்னதாகவே கதவு திறக்கிறது. இவை மனிதர் செய்த ஏற்பாடுகள். மனிதர் செய்ததை விண்மீன் தலையில் சுமத்துவது அநீதிக்கு எவ்வளவு வசதி!

"அப்படியாயின் உண்மை இரசிகனுக்கே கொடுக்கட்டுமே" என்பார் சிலர். உண்மை இரசிகன் யார்? அதை அளக்கும் கோல் எவரிடம்? பாட்டுகளை மனப்பாடம் ஒப்புவிப்பவனா? மனப்பாடத்துக்கே மதிப்பெண் போட்டு மாணவரைக் கெடுத்தது போதாதா? (ஆசிரியன் ஆதலால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் உண்டு, உரிமையும் உண்டு.) விலையை ஏற்றினால் செல்வனுக்கே இசை, விடிய விடிய வரிசையில் நிறுத்தினால் வேலையற்றவனுக்கே இசை. தகுதியால் பிரிக்க இயலாத இடத்தில் குலுக்கலே நேர்மை. 'உங்களுள் உயர்ந்தவர் இவர் என்று கூற எனக்குக் காரணமில்லை' என்று அறிவு ஒப்புக்கொள்வது அது. 2007 டிசம்பர் 10இல் இலண்டனில் நடந்த லெட் செப்பலின் நிகழ்ச்சிக்குக் குலுக்கல்தான் நடத்தினர். சுமார் 20,000 இடங்களுக்கு இரண்டு கோடி வேண்டுகோள்கள் என்று செய்தி. வென்றவர் தம் அடையாளத்தைக் காட்டியே சீட்டைப் பெற வேண்டியிருந்தது.

குலுக்கல் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், குடவோலை முறையை விரிக்கிறது. குடத்தினுள் இருப்பது அறியாத சிறுவன், ஊரார் கண்முன் ஓலை எடுப்பான். எத்துணை நேர்மை! ஆனால் ஓலையில் எவர் பெயர் ஏறும்? நிலமும் சொந்த மனையும் மறைநூற் பயிற்சியும் உடையவர் பெயர். சிறுவன் கை குருட்டுக் கைதான். குடத்தை நிரப்பிய கைக்குக் கண் இருந்தது.

இதைப் பிறரைப் பழிக்க எழுதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நடந்த இசைவிழாவுக்கு என் வகுப்புக்கு நான்கு இலவசச் சீட்டுகள் வந்தன. விரும்புவோரைக் கை உயர்த்தச் சொன்னேன். பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதிச் சுண்ணக்கட்டிப் பெட்டியில் இட்டுக் குலுக்கினேன். நீதி வழங்கிவிட்ட நிறைவு எனக்கு! மறுநாள் ஒரு மாணவன் வந்து நின்றான். வைகறையில் காய்கறிச் சந்தையில் தந்தையோடு மூட்டை இறக்கிவிட்டு, முதல் பாடவேளை முடிந்தபின் வருபவன், பாடத் தெரிந்தவன்.

"என் பேரு பெட்டியில இருந்துச்சா, ஐயா?"

இல்லை என்றேன்.

"பரவாயில்லைங்க ஐயா. எனக்கு யோகம் இல்லை."

"யோகமன்று, தம்பி. நான் செய்த பிழை" என்று வகுப்பின் முன்னேயே சொன்னேன். சொன்னதால் அவனுக்குச் சீட்டுக் கிடைத்துவிடவில்லை, நான்கும் போய்விட்டிருந்தன. அன்றுமுதல், எதைக் குலுக்க நேர்ந்தாலும், உயர்ந்த கைகளை எண்ணி நான் பெயர் எழுதுவதில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து, வராதவர் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன்.