தீபாராதனை நேரத்தில் கண்

சங்கரன்கோவிலைச் சுற்றி ஐம்பூதத் தலங்கள் ஐந்து உண்டு. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரி அன்று வேன் பிடித்து, குடும்பத்தோடு ஐந்தையும் கும்பிட்டு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த ஐந்து ஊர்களும் நம் உடம்புக்குள்ளும் இருக்கின்றன என்பதுதான் என் எண்ணம்.

பூதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புலனை உரியதாக்கி வைத்திருக்கிறது நம் சைவ மரபு. ஆகாயத்துக்கு ஓசை, காற்றுக்குத் தொடுகை, நெருப்புக்கு ஒளி, நீருக்குச் சுவை, மண்ணுக்கு மணம். குணங்கள் கூடிக்கொண்டும் போகும். ஆகாயத்துக்கு ஓசை ஒன்றுதான். காற்றில் ஓசையும் தொடுகையும். நெருப்பில் அவற்றோடு ஒளி. நீருக்கு நான்கு. மண்ணுக்கு வரும்போது ஐந்தும் சேர்ந்துவிடுகின்றன. நாம் கால்தூசு என்று தட்டிவிடுகிற மண்தான் ஐந்தையும் உடையது என்று சொல்வதற்கு எவ்வளவு கவனம் வேண்டியிருந்திருக்கும்!

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே போய்விட்டால் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கட்டியை எடுத்து விரலால் நெரித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கும். ஐப்பசி மழை விழுந்த மறுநிமிஷம் எழும்பும் வாசனை மூக்கில் ஏறும். ரெண்டு எட்டு வைப்பதற்குள் அந்த மண் உள்ளங்காலில் அப்பி, பாதம் படி கனம் கனக்கும். நனைந்த கருப்புக்கும் காய்ந்த கருப்புக்கும் நிறமே வேறு. சுவைக்கு எங்கும் போக வேண்டாம். சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டு, நாக்கிலும் துளி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தும் ஆயிற்று.

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும். அங்கே கருவறையின் முன்னால் நின்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு. அர்ச்சகர் தீபத்தை உயர்த்துகிறார். மணி அடிக்கிறது. அத்தனை நேரம் இருட்டில் இருந்த திருமேனி துலங்குகிற அந்த நொடியில், நிற்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒளிக்கு உரிய தலத்தில், ஒளி வரும் நேரத்தில்! உருக்கத்தில் மூடுகிறார்கள், வேண்டுதலைச் சொல்ல மூடுகிறார்கள். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் என் ஆச்சி விடமாட்டாள். தோளில் தட்டி, “ஏலே, கண்ணத் தொறந்து பாருலே. மூடிக் கும்பிடதுக்கு வீடு இருக்குல்லா” என்பாள். அவள் பேச்சைக் கேட்டுப் பார்த்தால், திரி படபடப்பது காதில் விழும், சூடு முகத்தில் படும், சுடர் வளைந்து நிமிரும்போது சாமியின் முகத்தில் நிழல் நகரும். நெருப்புக்குச் சொன்ன மூன்று குணமும் ஒரு தட்டில் வந்து நிற்கும்.

இதே ஊரைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கும் செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே பாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது சாஸ்திரம் என்று, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எரித்தவர்கள் அலட்சியக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நெய் விட்டு, மரியாதையோடுதான் செய்திருக்கிறார்கள். ஒரு சுவடியைப் பிரித்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மரியாதை இருந்தும் பார்வை இல்லாததால் எத்தனை நூல்கள் போயின என்று யாராலும் எண்ண முடியாது.

நம் அன்றாடத்தையும் நாம் அப்படித்தான் நடத்துகிறோம் என்பது என் கவலை. சோற்றைக் காலால் மிதிக்க மாட்டோம், தவறி மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதே சோற்றைச் சாப்பிடும்போது கண் போனில் இருக்கும். ரசத்தில் இன்று மிளகு கூடியிருக்கிறதா, புளி பழையதா புதியதா என்று நாக்கு சொல்வதைக் கேட்க ஆளில்லை. பெற்றவள்மேல் உயிரையே வைத்திருப்போம்; அவள் குரல் சென்ற மாதத்தைவிட மெலிந்திருப்பது காதுக்கு எட்டாது. அன்பு இல்லாமலா? நிறைய இருக்கிறது. அந்த அன்பு காது வழியாக வந்துபோகவில்லை.

புலனை அடக்கு என்றல்லவா பெரியவர்கள் சொன்னார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் அடக்கச் சொன்னது ஆசையை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாய் முறுக்கை முழுசாக ருசித்தவனுக்கு ரெண்டு முறுக்கில் போதும் என்றிருக்கும். ருசி தெரியாமல் கொறிக்கிறவன்தான் பொட்டலத்தைக் காலி செய்கிறான். புலன் விழித்திருக்கிற இடத்தில் ஆசை தானாகத் தணிவதை நான் கண்டிருக்கிறேன். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுத்தபோது தொடுகையை முதலில் வைத்தார், மனத்தை ஆறாவதாகத்தான் வைத்தார். முந்தைய ஐந்தும் கொண்டுவந்து போடாமல் அந்த ஆறாவது எதை வைத்துக்கொண்டு சிந்திக்கும்?

புலனை விழிப்பாக வைத்திருக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் வேலையே புலன் வழியாகத்தான் வரும். சங்கரன்கோவில் பூச்சந்தைக்குள் கண்ணை மூடி நடந்தாலும் பிச்சி எங்கே, மல்லி எங்கே என்று தெரிந்துவிடும். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை அவிழ்க்கும் கடை எது என்று தெருமுனையிலேயே மூக்கு சொல்லும். ஆனி ஆடியில் மேற்கே மலைப் பக்கமிருந்து வருகிற காற்று, சாரல் இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதைக் கை ரோமத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

கும்பிடும் இடத்திலும் அப்படித்தான்: கரிவலம்வந்தநல்லூரில் தலமரம் களா. முள்ளுச் செடிதான். பூ மல்லிகையைப் போல வெள்ளையாக, லேசான மணத்தோடு இருக்கும். காயைக் கிள்ளினால் பால் வடியும், விரல் பிசுபிசுக்கும். பழுக்கப் பழுக்கச் சிவந்து, பிறகு கருத்துவிடும். காயாக வாயில் போட்டால் புளிப்பில் காதுவரை கூசும். ஊறுகாய் போடுகிறவர்கள் அந்தப் புளிப்புக்காகவே பழுக்கவிடாமல் பறித்துவிடுவார்கள்.