மருந்து சாத்துதல்

விருத்தாசலத்தில் முப்பது வருஷம் பீங்கான் இன்சுலேட்டர் செய்தவன் நான். கடல் எனக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி. அங்கே எனக்கு ஒரே ஒரு சிநேகிதன். இங்கே என்னோடு பீங்கான் தொழில் படித்துவிட்டு, சூளை வெக்கை ஒத்துக்கொள்ளாமல் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கே திரும்பிப் போனவன். சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஃபைபர் படகு ஒன்று அவனிடம் இருக்கிறது. போன தை மாதம் போன் செய்தான். "அணியத்துல கயிறு கட்டுற கொம்பு ஆடுதுடா. நீ பசை தெரிஞ்சவன், வந்து ஒரு பார்வை பாரு."

படகை மணலில் ஏற்றி வைத்திருந்தான். அணியம் என்கிற முன்முனையில் அந்தக் கொம்பைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அது எனக்குப் பழகிய வெடிப்பு. மண்ணும் கிளேஸும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஜாடியில் இப்படித்தான் விழும். படகில் கிளேஸுக்குப் பெயர் ஜெல்கோட், அவ்வளவுதான்.

நான்கு போல்ட்டையும் கழற்றினோம். வெளியே தெரிந்த தலைகள் பளபளவென்று இருந்தன. ஓட்டைக்குள் இருந்த தண்டு செம்பழுப்பாக, பாதி தின்னப்பட்டிருந்தது. எவர்சில்வருக்குத் துருப்பிடிக்காது என்பது அரை உண்மை. காற்று பட்டால்தான் அதிலுள்ள குரோமியம் மேலே மெல்லிய தோல் ஒன்றை வளர்த்துக்கொள்ளும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கினால் அந்தத் தோல் நிற்காது. வளைந்த ஆணியை ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினேன். இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே வைத்திருந்த ஒட்டுப்பலகை, ஊறிய டீத்தூள் மாதிரி வந்தது. மேல்தளம் மட்டும் காய்ந்து கிடந்தது.

முன்பு யாரோ கல்லாக இறுகும் பசையை அப்பி முறுக்கியிருக்கிறார்கள். அலை இழுக்கும்போது கொம்பு நூலளவாவது அசையும். பசை அசைய மறுத்து விரிசல் விட்டது. கடல் அந்த வழியாக இறங்கியிருக்கிறது.

சிநேகிதனுக்குக் கவலை வேறு. "எஞ்சின் மாத்தியாச்சு, பலகை மாத்தியாச்சு, இப்ப இதுவும். அப்புறம் இது அதே படகுதானா?" கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்து இதைக் கேட்டார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்துக் கேட்டார். எனக்கு இந்தக் கேள்வியில் பெரிய ருசி இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபில் இதற்கு எப்போதோ கணக்குத் தீர்த்துவிட்டார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. (சூளைக்காரனாக என் சின்ன முணுமுணுப்பு: 600 டிகிரி தாண்டி வெந்த மண் மறுபடி சேறாகாது. உதாரணம் சொன்னவர்கள் சக்கரத்தோடு நின்றுவிட்டார்கள்.)

என்னை அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது அந்தப் பசைதான். 2022 பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் குடமுழுக்கு நடந்தது ஞாபகம் வந்தது. குடமுழுக்கு என்றாலே அஷ்டபந்தனம் உண்டு. மருந்து சாத்துவது என்போம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாவற்றையும் இடித்து, திரட்டி, சாமிக்கும் பீடத்துக்கும் நடுவே அடைப்பார்கள். சாமி அசையாமல் இருக்கவேண்டும், அபிஷேகத் தண்ணீர் பீடத்துக்கு அடியில் இறங்கக் கூடாது. படகுக்காரன் சீலன்ட் போடுவதும் இதற்குத்தான்.

சைவத்தில் பந்தம் என்றால் அறுக்கவேண்டியது. ஆணவம், கன்மம், மாயை மூன்றுக்கும் பாசம் என்று பெயர், அதாவது கயிறு. ஆனால் பந்தம் என்ற அதே சொல்லை வைத்து சாமியையே பீடத்தோடு பிணைக்கிறோம். பல வருஷம் இது எனக்குப் பொருந்தாமல்தான் இருந்தது. நமக்கு அறவேண்டியது அவருக்கு எதற்கு? மலைகளுக்கெல்லாம் மூத்தவர் என்று ஊர் கும்பிடுகிறவரைப் பன்னிரண்டு வருஷத்தில் காய்ந்துபோகும் மெழுகில் ஏன் நிறுத்தவேண்டும்?

கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆகமக்காரர்களுக்கு இந்தக் கட்டு கெடும் என்று தெரியும். கெடும் என்று தெரிந்தே கெடு வைத்தார்கள். வெண்ணெயும் மெழுகும் சேர்த்தது அது கல்லாகிவிடக் கூடாது என்றுதான் இருக்கவேண்டும். எங்கள் இன்சுலேட்டரிலும் பீங்கானுக்குள் இரும்பைச் சிமெண்ட் வைத்துப் பிடிப்பதற்கு முன், இரும்பின் மேல் தார் ஒரு கை பூசுவோம். வெயிலில் இரும்பு விரிந்தால் பீங்கான் தெறிக்காமல் அந்தத் தார் இடம் கொடுக்கும். சிநேகிதனின் அப்பா ஓட்டிய கட்டுமரத்தின் பெயரிலேயே கட்டு இருக்கிறது. கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள், கரை வந்ததும் அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். எந்தக் கட்டை ஊறியிருக்கிறது என்று அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். பாசத்தில் கொடியது ஆணவம் என்கிறது சித்தாந்தம். தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் அறிவை மூடுவது அது. ஃபைபருக்குள் அழுகிய பலகை அந்த ஜாதி. அவிழ்த்துப் பார்க்கிற கட்டை நான் பந்தம் என்று சொல்லமாட்டேன். இனி அவிழ்க்கவே வேண்டாம் என்று நினைத்து இறுக்கியதுதான் பந்தம்.

வேலைக்குச் சில நாள் பிடித்தது. அழுகலை ஆணியால் தோண்டியெடுத்து மூன்று நாள் காயவிட்டோம். எபாக்சியில் தூள் கலந்து குழிகளை நிரப்பினோம். இறுகியதும் அதன் நடுவே சின்ன ஓட்டை; இனி போல்ட் பலகையைத் தொடாது. ஓட்டையின் வாயைக் கொஞ்சம் அகலித்து விட்டோம், சீலன்ட் அங்கே மோதிரம் மாதிரி தங்குவதற்கு. அடியில் கையகல எவர்சில்வர் தகடு. போல்ட் 316 ரக எவர்சில்வர். முதல் நாள் பாதி முறுக்கு மட்டும். மறுநாள், சீலன்ட் ரப்பர் பதத்துக்கு வந்தபின், போல்ட்டைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் மீதி முறுக்கினோம். ஒரேயடியாக முறுக்கினால் சீலன்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் படகைத் தள்ளினான். பழமலைநாதருக்கு அடுத்த பன்னிரண்டு 2034இல் வருகிறது. கொம்புக்கு அவ்வளவு தவணை கிடையாது. வருகிற தையில் ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.