மௌனத்தை யார் எண்ணுவது?

"எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். யாருக்கு உள்கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்று பேசி முடித்ததும் ஊக்குநர் கேட்கிறார். சில விநாடிகள் ஒருவரும் பேசுவதில்லை. தீர்மான நோட்டில் 'ஏகமனதாக' என்ற சொல்லோடு ஒரு வரி ஏறுகிறது. அதன் கீழே கையெழுத்துகளும் கைரேகைகளும் வரிசையாக விழுகின்றன.

அந்தச் சில விநாடிகளில் நடந்தது என்ன? கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மனதுக்கு வந்துவிட்டார்களா, இல்லை, பேசினால் வரும் மனக்கசப்பை நினைத்துச் சிலர் வாயை மூடிக்கொண்டார்களா? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று ஊரில் சொல்வார்கள். கல்யாணப் பேச்சில் பெண் தலைகுனிந்து நின்றாலே சம்மதம் என்று எடுத்துக்கொண்ட வழக்கத்திலிருந்து அது பிறந்திருக்கும் என்றால் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சரிநிகராகக் கூடியவர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வது எப்படி என்ற பழைய தத்துவக் கேள்வி அந்த மௌனத்துக்குள்தான் இருக்கிறது.

இதைக் கேட்க இந்த எல்லைப்புறம் பொருத்தமான இடம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் அது மகளிர் குழுக்களை அமைக்கப் புறப்பட்டபோது முதலில் கால்வைத்தது அப்போதைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல்தான் என்பதால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அன்று அந்த மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு நாடளவில் தொடங்கியது அதற்குப் பிறகு, 1992-இல். மாநிலம் முழுவதற்குமான 'மகளிர் திட்டம்' 1997-98-இல் வந்தது. வானம் பார்த்த ராகி நிலமும் தொழிற்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இந்த வட்டாரத்துப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களைத் தாங்களே ஆண்டு பழகியிருக்கிறார்கள்.

குழுவின் அமைப்பு எளிமையானது. 12 முதல் 20 பேர். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள்; பேச்சுவழக்கில் 'லீடர்', 'ரெப்'. வங்கிக் கணக்கை ஒருவர் தனியாகக் கையாள முடியாது. வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, சேமிப்புக் கணக்கு, கடன் பேரேடு எல்லாம் எழுதப்பட வேண்டும். பொறுப்புகள் காலத்துக்குக் காலம் கைமாற வேண்டும். சேமிப்பதும் கடன் கொடுப்பதும் போகப் பல பெண்கள் கையில் எடுக்கும் தொழில் தையல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையைத் தைப்பதும் தமிழ்நாடு முழுவதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான். வெட்டிய துணியை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தைத்துக் கொடுத்து, உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிறார்கள். யாருக்கு எத்தனை உருப்படி என்பது அங்கே வயிற்றோடு சேர்ந்த கேள்வி. அதற்கு எழும் மௌனத்துக்குக் கனம் அதிகம்.

கூடித் தைக்கிறவர்கள் கூடி முடிவெடுப்பது எப்படி என்று யோசித்து, அதற்கு முறை வகுத்து எழுதிவைத்த மிகப் பழைய அமைப்புகளில் ஒன்று பௌத்த சங்கம். பிக்குகளின் துவராடை ஒட்டுத்துணி உடைதான். குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணிகளைத் துவைத்து, வெட்டி, இணைத்துத் தைத்தார்கள். வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்த மகத நாட்டு வயல்களைக் காட்டி, அதைப்போல ஆடையை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே வெட்டித் தைத்துக் காட்டியதாகவும் பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் சொல்கிறது. தம்மபத உரையில் இன்னொரு காட்சி வருகிறது. அனுருத்தருக்கு ஆடை தைக்க எல்லோரும் கூடுகிறார்கள். ஒரு முனையில் மகாகாசியபர், நடுவில் சாரிபுத்தர், மறுமுனையில் ஆனந்தர். மற்றவர்கள் நூல் திரிக்கிறார்கள். புத்தர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறார். தலைவரின் இடம் எது என்பதற்கு அந்தக் காட்சியைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

இந்தத் தையல் ஒரு சடங்காகவே நிலைபெற்றது. மழைக்காலத்துக்குள் புத்தர் இருந்த சாவத்திக்குப் போய்ச் சேர முடியாத முப்பது பிக்குகள் வழியில் சாகேதத்தில் தங்கிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் சேற்றில் நடந்து, நனைந்த ஆடையோடு புத்தர் முன் வந்து நின்றார்கள். அதையொட்டி ஏற்பட்டதே ஆடைக்கான துணி வழங்கும் கட்டின விதி. இன்றும் இலங்கையில் மழைக்கால விரதம் முடிந்த மாதத்தில் கட்டினப் பூசை விகாரைகளில் பெருவிழாவாக நடக்கிறது. துணியைத் தனி ஒரு பிக்குவுக்குக் கொடுக்க முடியாது. சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். குறைந்தது ஐந்து பிக்குகளாவது இருக்க வேண்டும். சங்கம் கூடி அதை ஒருவருக்கு வழங்குகிறது. ஆடை மிகவும் நைந்துபோனவருக்கு முதலிடம். அதை ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமேற்றி முடிக்க எல்லோரும் கைகொடுக்க வேண்டும். ஊருக்கே மூத்தவர் என்றாலும் ஊசி பிடிக்க மாட்டேன் என்று ஒதுங்க இடமில்லை.

யாருக்கு என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? ஒருவர் எழுந்து முன்மொழிகிறார். பிறகு அதை அறிவித்து, உடன்படுகிறவர் மௌனமாக இருக்கலாம், உடன்படாதவர் பேசலாம் என்கிறார். யாரும் பேசாவிட்டால் முடிவு நிறைவேறிவிட்டது. ஓசூர்ப் பக்கத்து ஊக்குநர் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. சங்கத்தில் அந்த மௌனம் செல்லுபடியாவதற்கு ஏராளமான முன்நிபந்தனைகள் உண்டு. சங்கம் குறித்து வைத்த எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் அத்தனை பேரும் கூடியிருக்க வேண்டும். நோயாளி வர முடியாவிட்டால் தன் சம்மதத்தை இன்னொருவர் மூலம் சொல்லியனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கூட்டமே செல்லாது. புதியவருக்குத் துறவு கொடுப்பது போன்ற கனமான காரியங்களுக்கு ஒருமுறை அறிவித்தால் போதாது, மூன்றுமுறை அறிவிக்க வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை விதிகள் ஓதப்படும்போது, குற்றம் செய்தவர் யாரேனும் உண்டா என்று ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்றுமுறை கேட்பார்கள். தன் குற்றம் நினைவிருந்தும் அப்போது சும்மா இருந்தால், அது தெரிந்தே சொன்ன பொய். அங்கே மௌனமும் ஒரு பேச்சு. அதற்குப் பொறுப்பு உண்டு.

தகுதியுள்ள ஒரே ஒருவர் மறுத்துப் பேசினாலும் காரியம் நின்றுவிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முறையின் துணிவு புரியும். கை தூக்கி எண்ணும் வாக்கெடுப்பில் பதினொரு பேருக்கு எதிராக ஒன்பது பேர் தோற்கலாம். அந்த ஒன்பது பேரின் மனக்குறையை யாரும் கேட்க வேண்டியதில்லை. மௌனத்தால் முடிவெடுக்கும் சபையில் கடைசி வரிசையில் இருக்கும் ஒருத்தி வாய் திறந்தால் போதும், மீதி அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். பலவீனமான உறுப்பினருக்கு வாக்குச்சீட்டைவிட அதிக அதிகாரம் கொடுக்கும் முறை இது. அவளால் பேச முடிந்தால் மட்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரக் கிராமங்களில் 'பேச முடிந்தால்' என்ற அந்த நிபந்தனை தடுக்கி விழும் இடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலாவது மொழி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்கள் இவை. தீர்மான நோட்டு தமிழில் எழுதப்படுகிறது. வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்து, இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டு வந்த பெண்ணுக்கு அந்த வரி வாசித்துக் காட்டப்பட்டாலும் முழுக்கப் பிடிபட்டதா? புரியாத வாசகத்துக்குச் சம்மதம் என்று ஒன்று இருக்க முடியாது. தன் போதனையை வேதமொழியின் நடைக்கு மாற்றலாமா என்று சில பிக்குகள் கேட்டபோது புத்தர் கண்டித்து மறுத்தார். அந்த மறுப்பை மொழிப்பற்று என்று மட்டும் படிப்பது குறைவு. விளங்காத சொல்லால் யாரையும் கட்டக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருக்கிறது.

இரண்டாவது ஷிப்டு. டைட்டன் கடிகார ஆலை 1980-களில் வந்த காலத்திலிருந்தே ஓசூர்ப் பெண்களுக்கு ஆலைச் சங்கொலி பழக்கம். இன்று டாடா எலக்ட்ரானிக்ஸில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலை முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலையாக இருக்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆலைப் பேருந்து வரும் நேரமும் குழுக் கூட்ட நேரமும் மோதுகின்றன. வராதவருக்காக வேறொருவர் கையெழுத்துப் போடுவது எங்கும் நடக்கக்கூடியது. வர முடியாத பிக்குவிடம் ஆள் அனுப்பிச் சம்மதம் கேட்டு வரச் சொன்ன அந்தப் பழைய விதி, இரவு ஷிப்டுக்குப் போன பெண்ணுக்கும் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு போன் போட்டுக் கேட்டு, கேட்டதை நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் கடினமானது. எழுதத் தெரிந்தவரே ஊக்குநர், வங்கி மேலாளரைத் தெரிந்தவரும் அவரே, அடுத்த கடன் யாருக்கு என்று முதலில் வாய் திறப்பவரும் அவரே என்றாகும்போது அவர் எதிரில் மறுப்பது எளிதல்ல. அவர் நல்லவர் என்பது இதை மாற்றுவதில்லை. நல்லவரை மறுத்துப் பேசுவது இன்னும் கடினம். பொறுப்பைச் சுழற்சியில் கைமாற்றுவதே இதற்குத் தீர்வு என்று தோன்றும். ஆனால் எதிர்ச்சான்றும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் வில்காக்ஸ் கவுண்டியின் கறுப்பினப் பெண்கள் 1966-இல் தொடங்கிய 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற ஒட்டுத்துணிப் போர்வைக் கூட்டுறவை எஸ்டெல் விதர்ஸ்பூன் பல ஆண்டுகள் மேலாளராக இருந்து நடத்தினார். வாக்குரிமை கேட்டதற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு மனை கிடைக்கச் செய்த அமைப்பு அது. ஒரே கையில் நீண்டகாலம் இருந்த பொறுப்பு அங்கே பெரிய காரியங்களைச் செய்தது. சுழற்சி ஒன்றே நியாயம் என்று அடித்துச் சொல்ல அந்த வரலாறு இடம்தரவில்லை.

ஆனாலும் தமிழ் மண்ணின் அனுபவம் சுழற்சியின் பக்கமே நிற்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, முந்தைய மூன்றாண்டுகளுக்குள் ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை என்கின்றன. கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினர்களையும் விலக்குகின்றன. எஞ்சியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கான சபை அது. இன்றைய குழுப் பெண்களில் ஒருவர்கூட அதன் வாசலை மிதித்திருக்க முடியாது. பௌத்த சங்கத்திலும் நூறாண்டு துறவிருந்த பிக்குணி அன்றைக்குத் துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்ற விதி இருந்தது. முறைகளை எடுத்துக்கொள்ளும்போது இந்த அநீதிகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சங்கத்திலும் மௌனம் போதாமல் போன நேரங்கள் உண்டு. சச்சரவு முற்றினால் குச்சிகளைக் கொடுத்து வாக்கெடுத்தார்கள். குச்சி கொடுப்பவர் பாரபட்சம், வெறுப்பு, மயக்கம், அச்சம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு ஒரு திகைக்கவைக்கும் குறிப்பும் இருக்கிறது: ரகசிய வாக்கில் அறத்துக்கு மாறான பக்கம் பெரும்பான்மை பெற்றால், வாக்கு சரியாக எடுக்கப்படவில்லை என்று சொல்லி அவர் மறுபடி எடுக்கலாம். எது அறம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் மற்றவர்களை எதற்குக் கேட்க வேண்டும்? மதச் சபைகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பொதுவான ஆபத்து இந்த இடத்தில் இருக்கிறது. குழுவின் நன்மை தனக்குத்தான் தெரியும் என்று எண்ணுகிறவர், எதிரில் இருக்கும் மௌனத்தையும் தன் விருப்பப்படியே வாசிப்பார். கேள்வி கேட்பவரும் நோட்டு எழுதுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடாது என்று வைத்தாலே இந்த ஆபத்து பாதி குறையும். பெரிய வங்கிக் கடன் என்றால் மூன்றுமுறை, மூன்று மொழியிலும், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலில் கேட்டால் இன்னும் குறையும்.

குழுக்களுக்கு மேலே இன்று ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் பிரதிநிதிகள் அங்கே போய் அமர்கிறார்கள். அங்கேயும் "சம்மதம்தானே?" என்ற கேள்வி எழுகிறது, அங்கேயும் சில விநாடிகள் யாரும் பேசுவதில்லை. இந்த மௌனத்துக்குப் பௌத்த சங்கத்தின் விதிகளில் விடை கிடையாது. சங்கத்தில் யாரும் யாருக்கும் பிரதிநிதி அல்ல. எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் வர வேண்டும், இல்லாவிட்டால் தன் சம்மதத்தைத் தானே சொல்லியனுப்ப வேண்டும். எல்லையைக் குறித்து வைத்ததே அதற்காகத்தான். கூட்டமைப்பில் மௌனமாக இருக்கும் ஒரு பெண்ணோ, அங்கே இல்லாத தன் குழுவினர் அத்தனை பேருக்கும் சேர்த்து மௌனமாக இருக்கிறாள். அங்கு கேட்கப்படப்போவது என்ன என்பது அந்தக் குழுவினர் அனைவருக்கும் அதற்கு முந்தைய வாரக் கூட்டத்திலேயே வாசிக்கப்பட்டதா, அவர்கள் சொன்ன பதில் நோட்டில் ஏறியதா என்று கிருஷ்ணகிரி மாவட்டக் குழுக்கள் இனிமேல் தங்கள் தீர்மானப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.