நல்ல கஷ்டம்

பிறருக்குக் கஷ்டம் கொடுப்பது பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஆனால் பிறருக்குக் கஷ்டம் கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டிருக்கும் நல்ல மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர். பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர் ஒருவர். பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர் ஒருவர். கதை எழுதுகிறவனையும் இந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளலாம். கதாநாயகிக்கு ஒரு கஷ்டமும் வைக்காவிட்டால் எங்கள் பிழைப்பு நடக்காது. இவர்கள் யாரையும் நாம் வெறுப்பதில்லை. அப்படியானால் கொடுக்கத் தகுந்த கஷ்டம் என்று ஒன்றும், கொடுக்கத் தகாத கஷ்டம் என்று ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். இரண்டையும் பிரிக்கிற வரப்பு எங்கே ஓடுகிறது?

இதற்கு விடை தேடி நான் வேதாந்தப் புத்தகங்களைப் புரட்டவில்லை. ஒரு விளையாட்டைப் பற்றி யோசித்தபோது கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் விளையாட்டு என்பதே வேண்டுமென்று உண்டாக்கிக்கொண்ட கஷ்டம்தானே? கூடைக்குள் ஒரு தட்டைப் போட வேண்டுமானால் நடந்து போய்ப் போட்டுவிட்டு வரலாம். நூறு கஜத்துக்கு அப்பால் நின்றுகொண்டு எறிந்து, அது மரத்தில் பட்டுப் புதரில் விழுந்து, அதைத் தேடி எடுத்து மறுபடியும் எறிவானேன்? அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் எப்போது வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதுதான் விஷயம்.

நான் சொல்லும் விளையாட்டுக்கு டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் தள்ளுவார்கள். இதில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. கனம் 200 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதைக் கையால் வீசி எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும். அவற்றில் பட்டு அடியிலுள்ள கூடையில் விழுந்துவிட்டால் அந்த இலக்கு முடிந்தது. எத்தனை தடவை எறிந்தோம் என்று எண்ணிக்கொண்டு அடுத்த இலக்குக்குப் போக வேண்டும். மொத்தத்தில் குறைவாக எறிந்தவருக்கு ஜயம். இலக்குக்குப் பெயர் மட்டும் இன்னும் 'குழி'தான். குழி எங்கும் கிடையாது. குளம் தூர்ந்து போன பிறகும் குளத்தங்கரைத் தெரு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இந்த ஆட்டத்துக்கு ஓர் உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். 1957 முதல் ஃபிரிஸ்பி தட்டுகளைச் செய்து விற்ற வாம்-ஓ என்ற கம்பெனியில் வேலை பார்த்தவர். தட்டு ஆடாமல் நிதானமாகப் பறக்கும்படி அதன் மேற்புறத்தைத் திருத்தி 1967-ல் காப்புரிமை பெற்றார். 1975-ல் கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்தின் பக்கத்தில் ஓக் குரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்துக்கென்று முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்களே இலக்குகள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஆடுகிறவர்களுக்குள் வழக்கு வரும். சங்கிலியும் கூடையும் வந்த பிறகு வழக்கு ஓய்ந்தது. சங்கிலியின் சத்தமே சாட்சி சொல்லிவிட்டது.

பெரிய திடல்களில் பதினெட்டு இலக்குகள் இருக்கும். ஒன்பது இருந்தால் சின்னத் திடல். பதினெட்டு என்பது ஏதோ சாஸ்திரம் விதித்த எண் அல்ல. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் கோல்ஃப் ஆட்டத்துக்கு ஒரு காலத்தில் இருபத்திரண்டு இருந்தன. 1764-ல் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதினெட்டாக்கினார்கள். பிறகு உலகம் அதையே பிடித்துக்கொண்டது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. திருவையாற்றில் ஏழூர்த் திருவிழா நடக்கிறது. ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய்விட்டுத் திரும்பவும் திருவையாற்றுக்கே வருகிறது. எட்டாவது ஊர் இல்லையே என்று யாரும் குறைப்பட்டதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முகம் இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் சுற்று நிறைந்துவிடுகிறது. சின்னது அரைகுறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இனித் தோப்புக்கு வருகிறேன். என் அக்காள் மகன் கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு மாசி மாதம் லீவில் வந்தவன் பெட்டியில் ஆறு தட்டுகளைக் கொண்டு வந்திருந்தான். ஊரில் ஒன்பது இலக்குகள் வைத்து ஒரு திடல் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"வயலெல்லாம் அறுப்பு முடிந்து சும்மாத்தானே கிடக்கிறது, மாமா?" என்றான்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சிரித்துவிட்டார். "சும்மா எங்கே தம்பி கிடக்குது? உளுந்து கிடக்குது. குனிஞ்சு பாருங்க" என்றார்.

சம்பாவும் தாளடியும் அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல் போன பிறகு பார்த்தால் தாள்கட்டைக்கு நடுவே அது தலைதூக்கி நிற்கும். வழியோடு போகிறவன் கண்ணுக்குத் தரிசு; உடையவன் கண்ணுக்குப் பயிர். மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டிருக்கும் பூமியில், புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பந்து அடிப்பது என்பது மனசுக்கு ஒப்பாத காரியம். இந்தத் தட்டு ஆட்டத்துக்கு வெட்டிய புல்லும் வேண்டாம், பாய்ச்சின தண்ணீரும் வேண்டாம். மரமும் மேடும் பள்ளமும் இருந்தபடி இருந்தால் போதும். அதுதான் என்னைக் கவர்ந்த முதல் குணம். இதிலும் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓயாமல் தட்டு பட்டால் இளமரத்துப் பட்டை காயப்படும். ஓயாமல் மிதித்தால் வேரடி மண் இறுகிப் போகும். எத்தனை பேர், எத்தனை நாள் ஆடலாம் என்பதைத் தோப்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே ஆற்றுப் படுகையிலுள்ள தோப்பில் திடல் போடுவது என்று தீர்மானமாயிற்று. மாமரங்கள், தென்னை, ஒரு பெரிய புளி, இரண்டு மூங்கில் கொத்து, குறுக்கே ஒரு வாய்க்கால். மூங்கில் கூடைகளைக் கம்பில் கட்டி நட்டான். அவன் வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் இது எவ்வளவு நுட்பமான காரியம் என்று தெரிந்தது. வலது கைக்காரர் சாதாரணமாக வீசினால் தட்டு கடைசியில் வேகம் தணிந்து இடது பக்கம் சாயும். இடது கைக்காரருக்கு நேர் எதிர். ஒன்பது இலக்கும் இடது பக்கமே திரும்பினால் ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்பது போல் ஆகும். அதிலும் ஒரு கைக்காரருக்கு மட்டும் சாதகமாகக் கேட்பது. எனவே ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், ஒன்று நெடுந்தூரம், ஒன்று கூப்பிடு தூரத்துக்கும் குறைவு, ஒன்று தாழ்ந்த மாங்கிளைக்கு அடியில் குனிந்து எறிய வேண்டியது என்று வைத்துக்கொண்டே போனான். பலம் உள்ளவனுக்கு ஓர் இலக்கு, நிதானம் உள்ளவனுக்கு ஓர் இலக்கு. எல்லாக் குணமும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளவனே கடைசியில் தேறுவான்.

நாலாவது இலக்கில்தான் தகராறு வந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே நாலடி இடைவெளி. இடது பக்கம் மூங்கில் முள். வலது பக்கம் வாய்க்கால். அந்த இடைவெளி வழியாக நேரே, வேகமாக எறிந்தால்தான் கூடைப் பக்கம் போக முடியும். அவன் எறிந்து காட்டினான், அழகாகப் போயிற்று. என் தம்பியின் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவள் எறிந்தாள், தட்டு வாய்க்காலில் விழுந்தது. மறுபடி எறிந்தாள், முள்ளில் போய்ச் செருகிக்கொண்டது. மூன்றாவது தடவை எறியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அத்தான், எனக்கு வழி எங்கே?" என்று கேட்டாள்.

"வளர்ந்தால் வழி வந்துவிடும்" என்றான் அவன்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவனுக்கும் உள்ளூரப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்; அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு எறிய நிற்கும் இடத்தை இருபது தப்படி வலது பக்கம் தள்ளி வைத்தான். இப்போது தென்னைகளுக்கு நடுவேயும் போகலாம். வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டும் போகலாம். சுற்று வழிக்கு ஓர் எறிதலோ இரண்டு எறிதலோ கூட ஆகும். அவ்வளவுதான். அவன் மூன்றில் முடித்தான். அவள் ஐந்தில் முடித்தாள். முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இப்படி எல்லாருக்கும் வழிவிட்டால் திறமைக்கு என்ன மரியாதை, மாமா?" என்று அவன் அப்புறம் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் திறமைக்கு வந்த குறை என்ன? மூன்று மூன்றாகவே இருக்கிறது, ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. வித்தியாசம் அழியவில்லை, கதவு மட்டும் மூடப்படவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். அவனே ஒரு நாள் குறுக்கு வழியில் ஆசைப்பட்டு, அவசரப்பட்டு எறிந்து, தென்னையில் அடித்து ஆறில் முடித்தான். அன்று அவள் கரையோடு போய் ஐந்தில் முடித்தாள். முன்பிருந்த அமைப்பு பலவீனத்தைத் தண்டித்தது. மாற்றின அமைப்பு பேராசையைத் தண்டிக்கிறது. பலவீனம் குற்றமல்ல, பேராசைக்கு ஏதாவது விலை இருந்தால் தேவலை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதும் நியாயம் என்பதும் ஒன்றல்ல. நம் கோயில்களின் கல் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. இரண்டுக்கும் பலம் வேறு, நடக்கிற விதம் வேறு. ஆனாலும் ஆடு பக்கம் உட்காருகிறவன் நம்பிக்கையோடுதான் உட்காருகிறான். புலியை அடைத்துவிட வழி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஏழாவது இலக்கைப் பெரியவர் மாற்றச் சொன்னார். தட்டு பறக்கிற பாதைக்குக் குறுக்கே, ஆற்றிலிருந்து பெண்கள் புல்லுக்கட்டு சுமந்து வரும் ஒற்றையடிப் பாதை இருந்தது. "நீங்க விளையாடறீங்க, உங்களுக்குத் தெரியும். தலையிலே கட்டு இருக்கிறவளுக்குத் தட்டு வர்றது எப்படித் தம்பி தெரியும்?" என்றார். மறுபேச்சில்லாமல் கூடையைப் பிடுங்கி வேறு பக்கம் நட்டான். ஆட்டத்தில் சேராதவர்கள் ஆட்டத்தின் அடியை வாங்கக் கூடாது. நம்முடைய வீரப் பரீட்சைகளை நாம் வைத்துக்கொள்வது சரி. அதற்கு நடுவில் புல்லுக்கட்டோடு வருகிறவளை யார் கேட்டார்கள்?

இந்த இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டு நம் வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் பார்க்கத் தோன்றுகிறது. புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் வைக்கும் சோதனைகளில் எத்தனை, வெற்றி பெற வழியே இல்லாதவை! குழம்பு உறைத்தால் குற்றம், உறைக்காவிட்டாலும் குற்றம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்ன என்று பார்ப்பதற்காகக் கேள்வித்தாள் போடுகிறவர் உண்டு. தெரியாதது எங்கே என்று வலை விரிக்கிறவரும் உண்டு. சலுகைக்கு மனுப் போடும் கிழவரை நாலு காகிதத்துக்கு நாலு இடம் அலையவிடும் விதிகளைப் பார்த்திருக்கிறோம். கேட்டால், "நான் இதைவிடப் பட்டேன்" என்று பதில் வரும். தான் பட்டதை அடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. தான் கொடுப்பதைத் தானும் படச் சம்மதிப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவருடைய விருப்பப்படி அவர் அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தட்டுகளாக வார்த்தார்கள். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் அஸ்தியைக் காவேரியில் கரைக்கிறவர்கள், பிளாஸ்டிக்கில் கரைப்பதாவது! பிறகு நினைத்துப் பார்த்ததில் சிரிப்பு போய்விட்டது. மரத்தையும் மேட்டையும் பார்த்துப் பார்த்துப் பிறருக்குத் தடை வைத்த மனிதர், அந்தத் தடைகளின் நடுவே தானும் பறந்து, மரத்தில் மோதி, புதரில் விழுந்து, கூடையை அடையட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் அப்படி நினைத்துச் சொன்னாரோ, வேடிக்கையாகச் சொன்னாரோ, எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஒன்பது கூடைகளுக்குள் இவ்வளவுதான் நான் கண்டது. தடை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பலமில்லாதவருக்கும், விலை கொஞ்சம் கூடுதலானாலும், ஒரு வழி இருக்க வேண்டும். ஆடாதவர் மேல் அது விழக் கூடாது. வைத்தவரும் அதன் வழியே நடந்து பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் வைக்கிறவர்களும், ஆபீசில் விதி எழுதுகிறவர்களும், என்னைப் போலக் கதையில் கஷ்டம் வைக்கிறவர்களும் எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அங்கே நின்று, தனக்கு வழி எங்கே என்று பார்த்தால் நல்லது. வழி தெரியாவிட்டால் ஒன்றும் மோசமில்லை. நிற்கிற இடத்தை இருபது தப்படி தள்ளி வைத்தால் போதும்.