தேனீயும் தத்துவ ஞானியும்

தேன்கனிக்கோட்டை என்று எழுதும்போதே நாவில் இனிக்கிறது. தேனும் கனியும் மலிந்த கோட்டை என்று வெளியூர் நண்பர்களிடம் நான் பெருமையோடு பொருள் சொன்னதுண்டு. ஆனால் கன்னடம் பேசும் அண்டை வீட்டார் ‘டெங்கணிகோட்டெ’ என்கின்றனர். அந்த ஒலியில் தேனும் இல்லை, கனியும் இல்லை. சுற்றியுள்ள காடுகளில் மலைத்தேனீ உண்டு என்பது வேறு செய்தி. பெயரைக் கொண்டே ஊரை அறிந்துவிட்டதாக எண்ணியது என் அவசரம்.

இவ்வகை அவசரம் பேரறிஞர்களையும் விட்டதில்லை. கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தேனீக்களைக் கூர்ந்து நோக்கியவர். ஒருமுறை புறப்பட்ட தேனீ ஒரே வகை மலரையே நாடிச் செல்கிறது என்று கண்டார். கூட்டுக்குத் திரும்பும் ஒரு தேனீயை வேறு மூன்று நான்கு தேனீக்கள் பின்தொடர்வதையும் குறித்து வைத்தார். மலர்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் அது ஒருவகை நடனத்தால் உணர்த்துகிறது என்பதை விளக்க, 20ஆம் நூற்றாண்டில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் வரவேண்டியிருந்தது. அவருக்கு 1973இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய கண்ணுடையவர் ஓரிடத்தில் தடுக்கி விழுந்தார். உழைக்கும் தேனீ ஆணா, பெண்ணா? கொடுக்கு வைத்திருக்கிறது, இயற்கை பெண்ணுக்குப் போர்க்கருவி தருவதில்லை, ஆகவே அது பெண்ணன்று. குஞ்சுகளைப் பேணுகிறது, ஆண் அப்படிச் செய்வதில்லை, ஆகவே ஆணுமன்று. செடிகளைப்போல் இருபாலும் ஒன்றில் அடங்கியதாக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார். கூட்டின் தலைவியை ‘அரசன்’ என்றே அழைத்தார். அதனைத் தாய் என்று சொல்வோரும் அக்காலத்தில் இருந்தனர் என்பதை அவரே பதிவு செய்துள்ளார்.

உண்மை என்ன? தேனீயின் கொடுக்கு, முட்டையிடும் உறுப்பு உருமாறி அமைந்தது. எனவே பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. ஆண் தேனீயால் கொட்டவே இயலாது. எதனைப் பெண்ணில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டினாரோ, அதுவே பெண் என்பதற்கான சான்று! கூட்டை ஆள்வது முட்டையிடும் பெண்ணே என்று ஸ்பெயின் நாட்டு மெந்தெஸ் தெ தோரெஸ் 1586இல் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டுச் சுவாமர்தாம் அதனை அறுத்து, உருப்பெருக்கியில் சூலகங்களைக் கண்டார். (நம் பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலம், மெழுகுதிரியைப் பாடும்போது தேனீயைத் தாய் என்றே அழைக்கிறது.)

எனினும் அரிஸ்டாட்டிலை நான் எள்ளி நகையாடத் துணியேன். ‘விலங்குகளின் பிறப்பு’ என்னும் நூலில் அந்த நீண்ட வாதத்தை முடிக்கும் இடத்தில், இவை பற்றிய செய்திகள் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை; என்றேனும் அறியப்பட்டால் வாதத்தைவிடக் கண்ணால் கண்டதையே நம்பவேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார். தன் கோட்பாட்டின் வாயிலைத் தாளிடாமல் விட்டுச் செல்ல எத்தனை அறிஞருக்கு மனம் வரும்?

தேனீயைப் பற்றி நாம் எல்லாரும் தாளிட்டு வைத்திருக்கும் கோட்பாடும் ஒன்று உண்டு: அது ஓயாத உழைப்பாளி என்பது. ஃபிரிஷின் மாணவரான மார்ட்டின் லிண்டாவர், கண்ணாடிக் கூட்டில் ஒரு தேனீக்கு அடையாளமிட்டு, ஏறத்தாழ 177 மணி நேரம் அதனைக் கவனித்து, 1952இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் ஏறக்குறைய 70 மணி நேரம் அது சும்மா இருந்தது! மேலும் 50 மணிக்கு மேல் கூட்டுக்குள் அங்குமிங்கும் சுற்றி வந்தது. எங்கே என்ன வேலை தேவைப்படுகிறது என்று அறிவதற்கே அந்தச் சுற்றல் என்று லிண்டாவர் கருதினார். எறும்பையும் தேனீயையும் காட்டி மாணவரைக் கடிந்துகொண்ட ஆசிரியர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் நாள்தோறும் முதல் பாடவேளையிலேயே உறங்கி விழுவாள். உறங்குகிறாள், ஆகவே சோம்பேறி. அரிஸ்டாட்டிலின் வாதத்தைவிட இது சிறியது, அவ்வளவுதான். அவரிடம் உருப்பெருக்கி இல்லை. எனக்கோ ஒரு கேள்வி போதுமாயிருந்தது. நான் கேட்கவில்லை. அவளுடைய மதிப்பெண் அட்டையில் ‘சோம்பல் மிகுதி’ என்று எழுதினேன்.

சில வாரங்களுக்குப் பின் ஓசூருக்குச் செல்ல விடியற்காலை முதல் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றிருந்தேன். எதிரே பட்டன் ரோஜாத் தோட்டத்தில் இரண்டு கைவிளக்குகள் அசைந்தன. ஒன்று என்னருகே வந்தது.

“வணக்கம் சார். பஸ்சுக்கா?”

“நீ எப்போது வந்தாய் அம்மா?”

“மூணு மணிக்கே வந்துட்டோம் சார். அம்மாவும் நானும். வெயில் ஏறுறதுக்குள்ள பூ மார்க்கெட்டுக்குப் போயிடணுமே.” கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “பள்ளிக்கூடத்துக்கு வந்துடுவேன் சார்.”

மறுநாள் அட்டையை வாங்கி அந்தச் சொற்களை அடித்தேன். அவற்றின் கீழே அவளுடைய தந்தை ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தார்.